சொல்லிக்கொள்ளாமல் போகிற வீடு

நெடுங்கரை, திருவையாறு வழி
9.7.1995

இராஜாங்கம் அண்ணனுக்கு, அம்சம் எழுதுவது.

பின்பக்கம் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கும். பிரித்துவிட்டீர்கள், முழுதும் படித்துவிடுங்கள். மஸ்கட் விலாசத்தை அப்துல் வஹாப் பாயின் வீட்டம்மாவிடம் வாங்கினேன். எழுதுவது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். தை மாதத்துக்குப் பிறகு அவர் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டால் நீங்களும் பதிலுக்குக் கேட்க வேண்டியிருக்கும். அதனால் விட்டுவிடுகிறேன்.

மடத்து நிலத்து வழக்கைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. உங்கள் அப்பா காலத்திலிருந்து உங்கள் வீட்டில் பயிரிட்ட குத்தகை நிலம், நீங்கள் வெளிநாடு போன பிறகு எங்கள் பெயருக்கு மாறியது சரியா தப்பா என்பதை ரெவின்யூ கோர்ட்டில் சொல்லட்டும். அதனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. தையில் என் மகன் மதிவாணன் வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துச் செத்தபோதும் உங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எழுதுவது உங்கள் மகள் எழிலரசியைப் பற்றி.

நான் மேல்நிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருப்பது உங்களுக்குத் தெரியும். சித்திரையில் தலைமையாசிரியர் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். முட்டை வேகவைப்பதில் புதிதாக ஏதோ ஆர்டர் வந்திருக்கிறது என்றுதான் போனேன். திருவையாற்றில் கல்யாண மண்டபத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். வாத்தியார்கள், ஹாஸ்டல் வார்டன், பஸ் கண்டக்டர், உரக்கடைக்காரர் எல்லாரும் இருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து லத்தீஃபா என்று ஒரு டாக்டரம்மா. வயசுப் பிள்ளைகளுக்கு மனசு சரியில்லாமல் போனால் பெரியவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது, அதுதான் பயிற்சி. என் பிள்ளை போய் மூன்று மாதத்தில் என்னை அங்கே அனுப்பியது யார் யோசனையோ தெரியாது. கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். மத்தியானச் சாம்பாரில் உப்பு இல்லை. அது மட்டும்தான் முதல் நாள் எனக்கு உறைத்தது.

ஆனால் சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்ததும் தெரிந்தது. எழிலரசி சாப்பாட்டு மணிக்கு அடுப்படிக்குப் பின்னால் போய் உட்கார்கிறாள். வீட்டிலிருந்து கொண்டுவருகிற சோற்றை நாய்க்குக் கொட்டுகிறாள். போன வருஷம் அவள் சிரித்தால் சமையலறை வரை கேட்கும். இப்போது வாத்தியார் கேட்டால்தான் வாயைத் திறக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு பேசினாள். என்ன பேசினாள் என்பதை உங்களுக்கு எழுத முடியாது. பிள்ளை நம்பிச் சொன்னதை அதன் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒற்றை ஆளாக இதைச் சுமக்காதே, வீட்டுப் பெரியவரை ஒருவராவது சேர்த்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறார். தங்கம்மாள் அண்ணியிடம் போனேன். "அவரு எழுதினா அனுப்புறேன். இல்லன்னா என்னால ஆகாது"ன்னு கதவைச் சாத்திவிட்டார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

புதன்கிழமை தோறும் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருப்பார். அண்ணியோடு எழிலைப் போய் வரச் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். நான் கூட வரவில்லை. அவள் இருக்கிற இருப்பு எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் எனக்கு எதற்கும் பயம் வருவதில்லை, இதற்கு வருகிறது.

அம்சம்

*

மஸ்கட்
2.8.1995

சிங்காரவேலு வீட்டம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழுதும் படித்தேன். படித்துவிட்டு அன்றைக்கு டியூட்டியில் கம்பியை வளைக்கிறேன், கை வேறு பக்கம் போகிறது. போர்மேன் கத்தினான். அந்த அளவுக்கு உங்கள் கடிதம் வேலை செய்தது, சந்தோஷமா.

நிலத்தை எடுத்துக்கொண்டீர்கள். கட்சிக்காரனையும் சங்கத்துக்காரனையும் கூட்டிக்கொண்டு வரப்பில் நின்று எடுத்துக்கொண்டீர்கள். எங்கள் அப்பா கண்ணை மூடும்போதும் அந்த நிலத்து அடங்கல் காகிதத்தைத்தான் கேட்டார். இப்போது என் மகள் மேல் அக்கறை. ஐப்பசியில் வாய்தா இருக்கிறது. அதற்குள் என் வீட்டை நாறடிக்க வேண்டும், இராஜாங்கம் மகள் பைத்திய டாக்டரிடம் போகிறாள் என்று ஊரெல்லாம் பேச வேண்டும், அப்போதுதான் அவன் வழக்கை விட்டு ஓடுவான் என்று உங்கள் வீட்டுக்காரர் கணக்குப் போட்டிருப்பார்.

அவள் உங்களிடம் என்ன சொன்னாள்? பெற்ற தகப்பனுக்குச் சொல்ல முடியாதது சோறாக்குகிற இடத்தில் என்ன சொல்ல இருக்கிறது? உங்கள் பையனையும் அவளையும் சேர்த்து ஊரில் யாராவது ஏதாவது பேசினால், அது உங்கள் வாயிலிருந்து கிளம்பியது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம், கோபித்தாலும் சரி. உங்கள் வீட்டில் இருந்த பிள்ளையை உங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. எந்த முகத்தோடு என் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க வருகிறீர்கள்?

அவளுக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டாவது பரீட்சை முடிந்ததும் என் அக்கா மகன் செல்லதுரைக்குக் கட்டி வைக்கிறதாகப் பேச்சு. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும். உங்கள் அடுப்படிப் பக்கம் அவளை விடக் கூடாது என்று தங்கத்துக்கு இந்தத் தபாலிலேயே எழுதிவிட்டேன்.

இராஜாங்கம்

*

நெடுங்கரை
27.8.1995

இராஜாங்கம் அண்ணனுக்கு,

எந்த முகத்தோடு வருகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியை ஊரில் எல்லாரும் முகத்தால் கேட்டுவிட்டார்கள், நீங்கள் எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். படித்தபோது வலிக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தேன், கடிதத்தை மடித்து டப்பா மேல் வைத்துவிட்டு மறுபடி களைந்தேன்.

பயிற்சியில் ஒரு நாள் நடித்துக் காட்டச் சொன்னார்கள். ஒருவர் பிள்ளை, ஒருவர் பெரியவர். எனக்குப் பிள்ளை வேஷம். கண்டக்டர் பஞ்சநதம் பெரியவர். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மதி கடைசியாக எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படி உட்கார்ந்தேன். "என்னடா ஒரு மாதிரி இருக்க?" என்றார் பஞ்சநதம். "ஒண்ணுமில்ல"ன்னேன். "ஒண்ணுமில்லன்னா மூஞ்ச ஏன் இப்படித் தொங்கப் போட்டிருக்க? போய்ப் படி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் நாமெல்லாம் அப்படித்தானே பேசுகிறோம். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப அந்தப் பிள்ளை என்ன செய்யும், அம்சம்மா?" என்று என்னைக் கேட்டார். "எந்திரிச்சுப் போயிடும்"னு சொன்னேன். "எங்க போகும்?" என்றார். மதி விஷயம் தெரிந்த பிறகு பஞ்சநதம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது நான் அவர் பஸ்ஸில் ஏறினால் என்னிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "சாப்ட்டீங்களாம்மா" என்று மட்டும் கேட்கிறார்.

உங்கள் கட்டளை வந்ததிலிருந்து எழில் அடுப்படிக்கு வருவதில்லை. புங்கமரத்தடியில் தனியாக உட்காருகிறாள். நான் இங்கிருந்து பார்க்கிறேன். அவளும் பார்க்கிறாள். மணி அடித்து வகுப்புக்குப் போகும்போது தூரத்திலிருந்தே ஒரு தலையசைப்பு. முன்னால் பக்கத்தில் இருக்கும்போது "போயிட்டு வரேன் அத்தை" என்பாள். ஒருநாள் கூடச் சொல்லாமல் போனதில்லை.

என் மகனையும் அவளையும் பற்றி எழுதியிருந்தீர்கள். அப்படி ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் அவனுக்கு ஒரு துணை இருந்திருக்கும் என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மனசில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். அம்மாவுக்கு எழுதுகிற கடிதத்தில் கடைசி வரியில் 'எழில் நன்றாகப் படிக்கவும்' என்று எழுதுவது கடிதம் இல்லை. என்னைப் பற்றி விசாரிக்க வேண்டாம். புத்தி சொல்ல வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். கேட்டால் பிள்ளைகள் சொல்லும் என்கிறார்கள். நான் கேட்டுப் பார்க்கவில்லை, அதனால் எனக்குத் தெரியாது.

கல்யாணத்தை இப்போது பேசாதீர்கள்.

அம்சம்

*

மஸ்கட்
18.9.1995

அம்சத்துக்கு,

நீங்கள் சொன்னதற்காக இல்லை, எனக்காகவே எழிலுக்குத் தனியாக எழுதினேன். அவள் பதில் போட்டிருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். "அப்பா, நான் நல்லா இருக்கேன். வெயிலில் ரொம்ப நிக்காதீங்க. உடம்பைப் பார்த்துக்கங்க. அம்மாவையும் பார்த்துக்கங்க." இவ்வளவுதான். எவ்வளவு பொறுப்பு பாருங்கள். அவள் வயதில் நான் எங்கள் அப்பாவுக்கு இப்படி ஒரு வரி எழுதியதில்லை. இந்தப் பிள்ளைக்கா மனசு சரியில்லை என்கிறீர்கள்?

தங்கமும் எழுதியிருக்கிறாள். எழில் இப்போது சண்டை போடுவதில்லையாம், வேலையெல்லாம் செய்கிறாளாம். போன தடவை நான் வாங்கி வந்த வெள்ளிக் கொலுசை, உசிராக வைத்திருந்தாளே, அதைக் கழற்றி என் தம்பி மகளுக்குப் போட்டுவிட்டாளாம். "நீ போட்டுக்கடி, எனக்கு எதுக்கு" என்றாளாம். பெரிய மனசு. பாட்டுக் கேட்கிற டேப் ரிக்கார்டரையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அடக்கம் வந்துவிட்டது, கல்யாணத்துக்குத் தயாராகிவிட்டாள் என்று தங்கம் சந்தோஷமாக எழுதியிருக்கிறாள்.

நீங்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். பார்க்கிற இடமெல்லாம் அதுவாகத் தெரியும். போன கடிதத்தில் நான் ஒரு வார்த்தை அதிகமாக எழுதிவிட்டேன், அதை மனதில் வைக்க வேண்டாம். ஆனால் என்னைக் கெட்டவனாக்க வேண்டாம். நான் அவளிடம் என்ன சொன்னேன்? அந்த வீட்டு ஆட்களைக் கண்டால் பேசாதே, கூப்பிட்டால் நிற்காதே, தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டே இரு என்றேன். வழக்கு நடக்கிற வீட்டில் எந்தத் தகப்பன் இதைச் சொல்லமாட்டான்? அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அதுவரையில் எனக்குக் குறை இல்லை.

ஆற்றில் தண்ணீர் வந்ததா? நாற்று விட்டார்களா? எங்கள் ஆட்கள் யாரும் சரியாக எழுதுவதில்லை.

இராஜாங்கம்

*

தஞ்சாவூர்
4.10.1995

இராஜாங்கம் அண்ணனுக்கு,

முதலில் இதைப் படியுங்கள். எழில் உயிரோடு இருக்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. தங்கம்மாள் அண்ணி பக்கத்தில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணியால் இப்போது எழுத முடியவில்லை. தந்தி அடித்தால் நீங்கள் அங்கே தனியாக வேறு ஏதாவது நினைத்துக்கொள்வீர்கள் என்று கடிதமாகவே எழுதச் சொன்னார்கள்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்தேன். கொலுசைப் படித்தேன், டேப் ரிக்கார்டரைப் படித்தேன். பயிற்சியில் இதைச் சொன்னார்கள். பிள்ளைகள் ஆசையாக வைத்திருந்ததை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தால் சும்மா விடாதே என்று சொன்னார்கள். படித்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. எனக்கு இப்போதெல்லாம் எதுவும் உடனே உள்ளே போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி இருக்கும், எழில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தெருவே பார்த்தது. சாவுக்குப் பிறகு உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வாசல்படி ஏறிய முதல் ஆள். துக்கத்துக்கு வந்தவர்களை வா என்று கூப்பிடுகிற வழக்கம் இல்லை, நானும் கூப்பிடவில்லை. தானாக வந்து மதியின் போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா அண்ணா? துக்க வீட்டிலிருந்து போகும்போது போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, சொல்லாமல் எழுந்து போக வேண்டும் என்று இந்த வயசுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதே, தங்கம்மாள் அண்ணி நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதை நினைத்துக்கொண்டு அவள் குடித்த டம்ளரைக் கழுவினேன். கழுவிக் கவிழ்க்கும்போதுதான் கொலுசு ஞாபகம் வந்தது. இத்தனை மாதத்தில் ஒருநாள் கூடச் சொல்லாமல் போகாதவள் என்பது அதற்குப் பிறகு ஞாபகம் வந்தது. முறைக்குச் சொல்லாமல் போனாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இவ்வளவு படித்துவிட்டு வந்தும் நான் முறையைத்தான் பார்த்திருக்கிறேன், அவளைப் பார்க்கவில்லை.

மடத்து நிலத்து மோட்டார் கொட்டகைக்கு ஓடினேன். வேறு எங்கேயும் தேடத் தோன்றவில்லை. ஏனென்று கீழே எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் அங்கே இருந்தார். வரப்பு பார்க்கப் போனவர், அவளைப் பார்த்திருக்கிறார். தொட்டிச் சுவரில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மருந்து பாட்டில், மூடி திறக்கவில்லை. அவர் பயிற்சிக்கெல்லாம் போனவர் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டிலை எடுத்துத் தன் துண்டில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் போன பிறகுதான், "வாம்மா, அத்தை வந்துட்டா" என்றார். தை மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக வந்த பேச்சு அதுதான்.

ரோட்டுக்குக் கூட்டி வந்தோம். பஞ்சநதத்தின் பஸ் வந்தது. ஒன்றும் கேட்கவில்லை, பின் சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்து, நடுவில் எங்கேயும் ரொம்ப நேரம் நிறுத்தாமல் தஞ்சாவூர் கொண்டுவந்து சேர்த்தார். அண்ணி அடுத்த பஸ்ஸில் வந்தார்கள். டாக்டரம்மா சில நாள் இங்கேயே வைத்திருக்கிறார்.

இப்போது அவள் என்னிடம் முன்பே சொன்னதை எழுதுகிறேன். "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க அத்தை, எனக்குச் சொல்ல வராது" என்று நேற்று சொன்னாள். சம்மதம் கொடுத்துவிட்டாள்.

தையில் அன்றைக்கு அவள் புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் வந்திருக்கிறாள். மதி கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறான். "எழிலு, கொஞ்சம் நில்லேன்" என்றானாம். இவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். நிற்காமல் போனாள். "நான் நின்னிருந்தா அவன் செத்திருக்க மாட்டான் அத்தை" என்கிறாள். ஆனியிலிருந்து இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்.

அம்சம்

*

மஸ்கட்
23.10.1995

தங்கச்சி அம்சத்துக்கு,

நான் சொன்னதைத்தான் அவள் செய்திருக்கிறாள்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு மேலே எழுத வரவில்லை. கம்பி கட்டப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். ரூமில் இருக்கிறவர்கள் பேசுவது காதில் விழுகிறது, என்னவென்று புரிவதில்லை. நீங்கள் எதுவும் உடனே உள்ளே போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி என்று இப்போது தெரிகிறது.

பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது. மார்கழியில்தான் விடுவார்கள். கெஞ்சிப் பார்த்துவிட்டேன். அக்காவுக்கு எழுதிக் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டேன். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு எழிலோடு நீங்களும் போகலாம் என்று தங்கத்துக்கு எழுதிவிட்டேன். வழக்கை வக்கீல் பார்த்துக்கொள்வார், அது பாட்டுக்கு அது நடக்கட்டும். அதில் உங்களுக்கும் எனக்கும் பேச ஒன்றும் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆனியிலேயே அவள் இதை உங்களிடம் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். உங்கள் பிள்ளை கூப்பிட்டு நிற்காமல் போனவள் என்று தெரிந்துதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களா? எனக்கு அந்த முதல் கடிதத்தை எழுதினீர்களா? நான் எழுதிய பதிலைப் படித்தீர்களா? எப்படி முடிந்தது?

வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? அந்தப் பயிற்சியில் தகப்பனுக்கு என்ன சொன்னார்கள்?

இராஜாங்கம்

*

நெடுங்கரை
14.11.1995

அண்ணனுக்கு,

எப்படி முடிந்தது என்று கேட்டால், அவள் சொன்ன அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "சரிம்மா"ன்னேன். பயிற்சியில் சொன்னபடி, "சாகணும்னு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கொடுத்தது போலாகும் என்று எல்லாரும் பயப்படுகிறோம், அப்படி ஆகாதாம். "சில சமயம் வருது" என்றாள். மணி அடித்தது, போனாள். நான் போய் முட்டை உரித்தேன்.

கோபம் பிறகு வந்தது. ஆவணியில் ஒருநாள் புங்கமரத்தடியில் அவள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைப்பதைப் பார்த்தேன். நீ நின்றிருந்தால் என்னடி, ஒரு நிமிஷம் நின்றிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும், இப்போது நீ சாப்பிடுகிறாயே என்று வயிறு எரிந்தது. அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். அதை அவளிடம் காட்டவில்லை. புதன்கிழமை தஞ்சாவூர் போய் டாக்டரம்மாவிடம் கொட்டினேன். அவர் புத்தி சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கேட்கிறவளுக்கும் ஒரு ஆள் வேண்டும், அதனால்தான் ஒற்றை ஆளாகச் சுமக்காதே என்று சொன்னேன் என்றார். நிறைய அழுதேன். அழுது பல மாதம் ஆகியிருந்தது.

அவள் நின்றிருந்தாலும் மதி பிழைத்திருப்பானா என்பது தெரியாது. காலையில் என்னிடம் தோசை கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனவன். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாததை ஒரு பதினேழு வயசுப் பிள்ளை தலையில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. "உன் மேல தப்பில்ல"ன்னு சொன்னால் அவள் நம்புவதில்லை. அதனால் அதைச் சொல்வதை விட்டுவிட்டேன். நாளைக்கு வா என்று மட்டும் சொல்கிறேன்.

தகப்பனுக்கென்று தனியாக ஒன்றும் சொல்லித் தரவில்லை. நான் சொல்கிறேன். வந்ததும் மன்னிப்புக் கேட்டு அழாதீர்கள், பிறகு அவள்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். எதிரே உட்கார வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். அவள் பேசுகிற வரை இருங்கள். அவ்வளவுதான்.

மதிக்கு வருஷம் திரும்புவதற்குள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் வந்தால் நான் வாங்க என்று சொல்ல முடியாது. அதற்காக இப்போதே கடிதத்தில் சொல்லிவிடுகிறேன். வாங்க.

அம்சம்

*

மஸ்கட்
29.1.1996

தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். டியூட்டியில் சேர்ந்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு வந்த அன்று மாப்பிள்ளை சிங்காரவேலு எனக்குப் பாயை விரித்துப் போட்டார். பையன் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வாரம் கோர்ட்டில் இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் நானும் நிற்க வேண்டும். நின்றோம். வாய்தாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன்.

கேட்க வந்தது வேறு. உங்கள் வீட்டிலிருந்து நான் முறைப்படி சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் நடந்தேன். என்னோடு வந்திருந்த எழில் பின்னால் வரவில்லை. தெருமுனையில் நின்றேன். வர நேரம் ஆயிற்று. வரும்போது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னம்மா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. நீங்கள் சொன்னபடி பொறுத்தேனா, பயந்துவிட்டேனா, எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நடந்தேன், அவ்வளவுதான். அவளும் சொல்லவில்லை. அவளுக்குச் சம்மதம் என்றால் எழுதுங்கள்.

இராஜாங்கம்

*

நெடுங்கரை
18.2.1996

அண்ணனுக்கு,

எழிலைக் கேட்டேன். "எழுதுங்க, இதுல என்ன இருக்கு" என்று சிரித்தாள். லேசாகத்தான். சமையலறை வரை கேட்கிற சிரிப்பு இல்லை.

அன்றைக்கு நீங்கள் எழுந்து போனதும் அவளும் எழுந்தாள். வாசல்படி தாண்டப் போனாள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருந்தது. அதே பாவாடை கூட. கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சொல்லிட்டுப் போடி" என்றேன்.

"இந்த வீட்ல சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க அத்தை. அப்பாவும் சொல்லலியே."

"அவங்கல்லாம் சொல்லக் கூடாது. நீ சொல்லணும்."

போட்டோவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் நிற்கிறாள், நான் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதற்குத்தான் அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"போயிட்டு வரேன் அத்தை."

"எப்ப வருவ?"

"புதன்கிழமை."

புதன்கிழமை வந்தாள். சோறு போட்டேன், சாப்பிட்டாள்.

அம்சம்